மேலிடத்துக் கணினிகள்

கணினிகளுக்கும் பதவி உண்டு, பதவிக்கேற்ற மரியாதை உண்டு என்பதை உலகில் முதன்முதலாக நிலைநாட்டிய பெருமை, 1994ஆம் ஆண்டின் மைசூரையே சேரும்.

அங்கிருந்த நீரியல் ஆய்வு நிலையத்தில் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு கம்பெனியின் தயாரிப்பு. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. தற்காலிகப் பணியாளர் ஜேன் எழுதிய மென்பொருள் அவற்றையெல்லாம் பிணைத்து ஒரே கணக்கைப் போடவைத்தது. எது வேகமோ அதற்கு அதிக வேலை. நிலையத்தைப் பார்வையிட வரவிருந்த டெல்லிக் குழுவின் முன் இது ஓடினால் ஜேனின் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

ஒத்திகையின்போது இயக்குநர் விஸ்வேஸ்வரனின் முகம் கறுத்தது.

"ஏம்மா, என் ரூம் மெஷின் ஏன் இப்படி உறுமறது?"

"அதுதான் சார் ரொம்ப ஃபாஸ்ட். பாதி வேலை அதுதான் செய்யுது."

"அதுக்கு வேலை சொல்றது எது?"

"டைப்பிஸ்ட் கௌரம்மாவோட மெஷின் சார். பழசு. பிரிச்சு அனுப்ப அது போதும்."

இயக்குநர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். ஒரு நிறுவனத்தின் மானம் காக்கப்படும் தருணங்கள் ஓசையற்றவை.

"கௌரம்மா மெஷின் எனக்கு வேலை சொல்றதா? சொல்லட்டும். முறையா சொல்லட்டும். முதல்ல செக்‌ஷன் ஹெட் மெஷின், அப்புறம் டெபுடி, அப்புறம் நான். பார்த்துட்டுக் கீழ அனுப்புவோம்."

"அப்ப கணக்கை யார் சார் போடறது?"

"கீழ இருக்கறவாதான்."

ஜேன் மாற்றி எழுதினாள். கணக்குகள் பணிவோடு மேலே ஏறின; மேலிடங்கள் பார்வையிட்டு, "உரிய நடவடிக்கைக்காக" இறக்கிவிட்டன. எல்லாம் கௌரம்மாவின் மேசைக்கே வந்துசேர்ந்தன.

டெல்லிக் குழு வந்த அன்று காலையில் தொடங்கிய கணக்கு, சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியவில்லை. கௌரம்மா அட்டையால் தன் கணினிக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஸ்வல்ப ஜாஸ்தியே சுடுது மேடம். மத்ததெல்லாம் ஏசி ரூமுல சும்மனே உக்காந்திருக்குதா?"

"மேற்பார்வை பாக்குது கௌரம்மா."

குழுத் தலைவர் ஜேனிடம் திரும்பினார். "இதைவிட வேகமா முடிக்க வழி இருக்கா?"

அவளுடைய பழைய மென்பொருள் பத்தே நிமிடத்தில் முடித்துவிடும். இயக்குநர் அவளையே பார்த்தார். ஜேன் தரையைப் பார்த்தாள்.

"இல்ல சார். மெஷின் பத்தல."

குழு நெகிழ்ந்துபோனது. மேற்பார்வைக்கு இன்னும் இரண்டு கணினிகள் பரிந்துரைக்கப்பட்டன. ஜேன் நிரந்தரமானாள், ஏசி அறையில் நாற்காலி கிடைத்தது. திறமை மிகுந்தும் வேலை செய்யாதவற்றின் வரிசையில் அவளும் சேர்ந்தாள். மற்றவை இயந்திரங்கள். அவற்றின்மேல் குற்றமில்லை.