'ங்க' இல்லாத இங்கிலீஷ்

அன்பு மாப்பிள்ளை சைதன்யாவுக்கு,

பீளமேட்டிலிருந்து மாமா சுந்தரராஜுலு எழுதுவது. நானும் உன் அத்தை வரலட்சுமியும் சௌக்கியம். சென்னையில் உனக்கு உடம்பிலும் உத்தியோகத்திலும் ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, நேராகச் சண்டைக்கு வருகிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

"ரிட்டயர்டு ஆகிட்டு ஏன் மாமா சும்மா இருக்கீங்க, இங்கிலீஷ் டியூஷன் எடுங்க" என்று கேட்டில் ஒரு போர்டை மாட்டிவிட்டுப் போனாயே, அதை நீயே வந்து கழற்று. வந்த முதல் மாணவர் சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் வேலுமணி. போலந்துக்கு வேலைக்குப் போன அவர் பையன் உதய் அந்த ஊர்ப் பெண்ணையே பார்த்துவிட்டான். பெண்ணின் அப்பா கல்யாணம் பேச வருகிறார், பேச்சில் மரியாதை குறைந்தால் சம்பந்தமே நின்றுபோகும் என்று மனிதருக்கு ஒரே பயம். ஆனால் வாயைத் திறந்தால் "கம்முங்க, சிட் டவுனுங்க"தான். இங்கிலீஷில் 'ங்க' கிடையாது என்றேன். "ஏனுங்க சார், நீ, நீங்க ரெண்டுக்கும் ஒரே யூ தானுங்களா? சம்பந்தியப் போயி நீன்னு கூப்புடறதுங்களா?" என்று ஆடிப்போனார். சரி, ஒரு பிளீஸ் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால், "அது கெஞ்சறதாட்ட இருக்குதுங்க. பையனப் பெத்தவன் எதுக்குங்க கெஞ்சோணும்?" என்கிறார். நான் விடுவேனா? 'ங்க'வை வேரோடு பிடுங்கிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

போன ஞாயிறு உதயுடன் சம்பந்தி வந்தார், துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் இங்கிலீஷும் வேலுமணி அளவுதான். பட்டறை இரைச்சலுக்குப் பழகிய தொண்டையில் வேலுமணி "கம்!" என்றார். வந்தார். "சிட்!" உட்கார்ந்தார். இலையில் பரிமாறியதும் "ஈட்!" என்று ஒரு அதட்டல். பாவம், இலையோரத்து உப்பைக்கூட மிச்சம் வைக்காமல் வாயில் போட்டுக்கொண்டார். மகளை எந்த வீட்டில் கொடுக்கிறோமோ என்ற கலக்கம் முகத்தில் அப்படியே தெரிந்தது. உதய் என்னை முறைத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலுமணிக்கும் தாங்கவில்லை, சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரிங்க! ஸ்லோவா ஈட்டுங்க! இட் இஸ் யுவர் ஹவுஸுங்க!" என்று கண்கலங்கக் கொட்டிவிட்டார். சம்பந்தி மெல்ல நிமிர்ந்து, "தேங்க் யூ... ங்கா?" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கையோடு முகூர்த்தமும் குறித்தாயிற்று.

என் பாடத்தை மறந்ததால் கூடிவந்த கல்யாணம் இது. இனி எனக்கு வாத்தியார் வேலை எதற்கு? வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கு எல்லா நன்மையும் சேரட்டும்.

ஆசிகளுடன்,
மாமா

பின்குறிப்பு: போர்டைக் கழற்ற வராதே. உதய் மூலம் சம்பந்தியம்மா போனில் பேசினார். ஊர் திரும்பியதிலிருந்து வீட்டுக்காரர் அவரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறாராம். கல்யாணமான நாளாய்க் காணாத மரியாதையாம். அவர் மறப்பதற்குள் நான் வீடியோவில் தமிழ் வகுப்பைத் தொடங்கிவிட வேண்டுமாம். இன்றைக்கே ஆரம்பம். உன் அத்தையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் நானும் ஒரு மாணவனாம், அவளுக்கும் இனி 'ங்க' போட வேண்டுமாம்.