ஒன்பது பெரல் புல்

மேற்கணக்கு லயம்,
திம்புள்ள.
மாசி மாதம் 4, செவ்வாய்.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் பொன்னையா அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் மூக்கன் சொல்ல, பால் சேர்க்கிற நாகலெட்சுமி எழுதும் கடிதம். இங்கே எல்லாம் நலம் என்று எழுதச் சொன்னேன். புள்ள பேனாவை நிறுத்திவிட்டு, "அப்பிடியா மாமா?" என்றது. ஆகையால், அங்கே உங்கள் முழங்கால் ஆபரேசன் நல்லபடியாக ஆறி, தங்கச்சி அம்மாக்கண்ணுவும் மகள் பிரேமினியும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் திட்டுவது அப்போதே கேட்கும். கடிதமென்றால் கொழும்புக்கு வந்து சேர நாலு நாள், நீங்கள் திட்டி எழுத நாலு நாள். அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

எனக்கு எழுத்துத்தான் தெரியாது, மறதி கிடையாது. மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீர் பதினொரு வாரம் நின்றுபோன வறட்சியில், ஒரு வெள்ளிக்கிழமை, உங்கள் அப்பா இரண்டு மாட்டையும் யாவாரியிடம் பிடித்துக் கொடுத்தார். உங்களுக்கு ஒன்பது வயது, மேல் பொத்தான் இல்லாத காக்கிச் சட்டை. மாடு போன பிறகும் வெறுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்துக் கோடியில் நின்று அழுதீர்கள். நான் சிரித்தேன். அதுவும் மறக்கவில்லை. அதனால்தான் ஐப்பசி மழையில் பார்த்த இடமெல்லாம் புல்லாகக் கிடக்கும்போது நீங்கள் மட்டும் புல் கருகும் மாசி மாதத்தை நினைத்து, புல்லும் சோளத்தட்டையும் நறுக்கி, பாகு தெளித்து, மூடி போட்ட ஒன்பது நீலப் பிளாஸ்டிக் பெரலில் மிதித்து மிதித்து அடைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மிதித்ததில்தான் முழங்கால் போனது என்று தங்கச்சி இன்றைக்கும் சொல்லும்.

கால்நடை ஆபிசிலிருந்து வந்த ஆபிசர் மாத்தயா ஒவ்வொரு பெரலிலும் ஒரு தாளை ஒட்டிவிட்டு, "வாசிக்கத் தெரியும்தானே?" என்று என்னைத்தான் கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே பார்த்து, சரி என்று தலையாட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். அன்றைக்கு அதைப் போட்டு உடைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை.

நீங்கள் ஆபரேசனுக்குக் கொழும்புக்குப் போன மூன்றாம் நாள் ஒரு பெரலைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. எனக்கு உயிரே இல்லை மச்சான். தேயிலை ஸ்டோரில் நாற்பத்தொரு வருசம் கொழுந்து கொட்டியவன் நான், சாக்கில் இறுக்கி அடைத்த கொழுந்து சூடேறினால் சிவந்துபோகும், கையை விட்டு உதறிக் காற்றுக் கொடுக்காவிட்டால் டீமேக்கர் சாக்கோடு திருப்பி அனுப்புவார், புல்லும் இலைதானே, கொழுந்தும் இலைதானே என்று நினைத்து, மூடியைக் கழற்றி, தொழுவத்தில் தார்ப்பாய்ப் படங்கை விரித்து, அவ்வளவையும் கொட்டி, உதறி, ஆறவைத்து, மறுபடி பூப்போலப் பொலபொலவென்று அள்ளிப் போட்டேன், நீங்கள் மிதித்த மாதிரி மிதிக்கவில்லை, இலைக்கு வலிக்குமென்று. இப்படி இரண்டு நாளைக்கு ஒரு பெரல், முறை வைத்து. எதிர்வீட்டு கஜேந்திரன் வந்து, "மூடித்தானே வைக்கச் சொன்னாங்க?" என்று கேட்டான், அவனுக்குக் கொழுந்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஏசி அனுப்பினேன். தை பிறந்ததும், முறைக்கு விட்டுப்போன ஒரு பெரலைத் திறந்தால் ஊறுகாய் மாதிரிப் புளிச்ச வாடை. கெட்டுப்போச்சு என்று பள்ளத்தில் கவிழ்த்தேன். நம்ம சினைக் கிடேரி சுட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி அதைத் தின்னப் பார்த்தது. அறிவு கெட்ட மாடு என்று கம்பால் ரெண்டு போட்டு இழுத்து வந்தேன். மச்சான், அந்த அடியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பிறகு பனி விழுந்து புல்லெல்லாம் கருகியது, பீலி விரல் கனத்துக்கு வந்தது. இனி நம்ம பெரல்தான் என்று திறந்தால், ஏழிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பஞ்சு மாதிரிப் பூத்துக் கிடக்கிறது. சுட்டி மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது பாருங்க, டீமேக்கர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கறவை இரண்டிலும் பால் குறைந்துபோனதைக் கண்டு நாகலெட்சுமி தொழுவத்துக்கு வந்து, தாளை வாசித்தது.

"நாப்பத்தஞ்சு நாளைக்குத் திறக்கக் கூடாது. காத்துப் படக் கூடாது. புளிச்ச வாடை வந்தா நல்ல தீனி. பெருசா எழுதி ஒட்டியிருக்கே மாமா, ஒம்போது பெரல்லயும்?"

"ஆபிசு பேருன்னு நெனச்சேன் புள்ள," என்றேன்.

நாலு நாளைக்கு முன்னால் யாவாரி வந்து சுட்டியின் விலாவைத் தடவிப் பார்த்தான். அது என் மாடில்லை, உடையவர் வந்துதான் பேசுவார் என்று அனுப்பிவிட்டேன். கறவை இரண்டும் நான் ஆற்றோரம் அறுத்து வரும் கோரையில் ஓடுகிறது. சுட்டிக்கு அது போதாது, பங்குனியில் கன்று போட வேண்டும். ஆனாலும் விறகுக்குப் பின்னால் இருந்த ஒன்பதாவது பெரலை நான் தொடவே இல்லை. அதை வைத்து சுட்டியைக் கரையேற்றிவிடுவேன். நீங்கள் பதற்றப்படாமல், இரண்டு மாதம் நன்றாக இருந்து, கால் ஊன்றி நடந்தபிறகு மெதுவாக வாருங்கள். என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் தங்கச்சியிடம் சொல்லாமல் இருங்கள். உங்கள் காலும் பிரேமினியின் குடும்பமும் குறைவில்லாமல் இருக்க மாரியம்மா துணை.

இப்படிக்கு,
தலை நிமிராத உங்கள் மச்சான்,
மூக்கன் (பெருவிரல் அடையாளம்)

பின்குறிப்பு: எழுதியதை நாகலெட்சுமி முழுக்க வாசித்துக் காட்டியது. 'தொடவே இல்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அது பொய் மச்சான். இன்று காலையில் ஒன்பதாவதையும் திறந்துவிட்டேன், நல்லா இருக்கா என்று பார்க்கத்தான். நல்லாத்தான் இருந்தது. நான் பள்ளத்தில் கொட்டிய அதே புளிச்ச வாடை. சுட்டி முகத்தை உள்ளே விட்டு எடுக்கவே இல்லை. திறந்தால் மூடி வைத்துக் காக்க முடியாதாம், தினமும் கொடுத்துத் தீர்க்க வேண்டுமாம், அதுவும் தாளில் இருக்கிறது. எட்டு நாளைக்கு வரும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது மிச்சம் நாலு நாள். கொத்மலையில் உங்கள் தம்பி விஜிதரனிடம் குளக்கரைப் புல் கிடக்கிறது. நான் கேட்டால் தரமாட்டான், அவன் கல்யாணப் பந்தியில் நான் சொன்ன வார்த்தை அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆகையால் மெதுவாக வாருங்கள் என்று மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கோபத்தோடேயே வாங்க, நொண்டிக்கொண்டாவது வாங்க, தங்கச்சியிடமும் சொல்லிவிட்டே வாங்க.

அந்தத் தாளை எனக்குச் சொல்லிக் கொடுக்கும்படி நாகலெட்சுமியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். இன்றைக்கு ஒரு சொல் அடையாளம் தெரிந்துவிட்டது: 'திறக்க'. அடுத்த சொல்லை நாளைக்குச் சொல்லித் தருகிறதாம்.