பெஞ்சு ராஜா இறங்கிய ஆட்டம்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும், பந்தைக் கூடைக்குள் போடத் தெரியாமலேயே ஒரு கூடைப்பந்துக் குழுவைத் தாங்கி நிறுத்திய மனிதர் பெஞ்சு ராஜா ஒருவர்தான் கிடைப்பார். அவர் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்து நான் பார்த்ததில்லை. பலகையில் பட்டதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் பக்கத்துக் கோர்ட்டின் பலகை.

எண்பதுகளில் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் நான் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ராஜா அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முதலாளிக்குக் கூடைப்பந்து என்றால் பைத்தியம். கம்பெனிகளுக்கான லீக்கில் ஜெயிப்பதற்காகவே ஆ செங்கையும் மணியத்தையும் சம்பளத்துக்கு எடுத்திருந்தார். இருவரும் பெயருக்கு ஸ்டோர் உதவியாளர்கள். ஸ்டோர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆ செங் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பான். பனைமரம் மாதிரி வளர்ந்த மணியம் கூடைக்கடியில் நின்று அதை உள்ளே போடுவான். இவர்களோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் குழு. மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில் உட்கார நாங்கள் மூவர்: கேன்டீன் இஸ்மாயில், நான், ராஜா.

மற்ற குழுக்களுக்குப் பெஞ்சு என்பது துண்டு போட்டு வைக்கிற இடம். ராஜாவுக்கு அது ஆபீஸ். எல்லோருக்கும் முன்னால் வந்து ஈரத்துணியால் துடைப்பார். அதில் யாரும் கால்மேல் கால் போடக் கூடாது. இஸ்மாயில் கூட்டத்தில் பெண்கள் இருக்கும் பக்கம் திரும்பினால், எதிராளிகளில் யார் இடதுகைக்காரன் என்று கேட்பார். தெரியாவிட்டால் அன்றைக்கு இஸ்மாயிலுக்குத் தே தாரிக் டீ கிடையாது.

கோச் லிம் முதல் ஐவருக்கு மட்டுமே பயிற்சி கொடுப்பார். ராஜாவோ எங்கள் இருவரையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கன்டெய்னர்களுக்கு நடுவே ஓடவிடுவார். வெயில் இரும்பில் பட்டுத் திரும்பி எங்கள்மேல் விழும். எங்களை யார் இறக்கப் போகிறார்கள் என்று இஸ்மாயில் ஒருநாள் உட்கார்ந்தேவிட்டான்.

“கடைசி நேரத்துல யாருக்கு மூச்சு இருக்கோ அவன்தான்டா பிளேயர். எந்திரி,” என்றார் ராஜா.

ஒரு தடவை கோச் மனமிரங்கி ராஜாவை உள்ளே அனுப்பினார். கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானே கையைத் தூக்கி வெளியே வந்துவிட்டார். உள்ளே இருந்து பார்த்தால் ஆட்டம் ஒன்றும் தெரியவில்லை என்பது அவருடைய புகார்.

அந்த வருடம் குழுவுக்கு ஆபத்து ஒரு பொட்டலம் நாசி லெமாக் வடிவத்தில் வந்தது. ஆ செங் வாங்கி வைத்திருந்த அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை மணியம் தன்னுடையது என்று நினைத்துத் தின்றுவிட்டான். கேட்டபோது, சம்பலில் காரம் போதவில்லை என்று வேறு சொன்னான். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் பந்தும் நின்றது. ஆ செங் மணியத்தைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தான். ரெஃப்ரி கை நீட்டியிருந்தால் அவருக்கும் கொடுத்திருப்பான். வரிசையாகத் தோற்றோம்.

கடைசி ஆட்டத்திலும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லி அனுப்பினார். குழு போனால் அவர்கள் இருவரின் வேலையும் போகும். மணியத்துக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது.

ராஜா முதலில் நேரடி வைத்தியம் பார்த்தார். இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி, இருவரையும் கம்பெனி லோரியில் தனக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்கள். பசி தீர்ந்தது. பகை அப்படியே இருந்தது.

கடைசி ஆட்டம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு குழுவோடு. அவர்களுடைய ஐந்து பேரும் நட்சத்திரங்கள். பெஞ்சில் இருந்தவர்கள் பைகளுக்குக் காவல் இருந்தார்கள். தகரக் கூரைக்கடியில் கொதிக்கிற சூட்டில் ஆட்டம் நடந்தது. இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் இருவர் ஃபவுலில் வெளியேறினார்கள். நானும் இஸ்மாயிலும் இறங்கினோம். பிறகு இன்னொருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கோச் பெஞ்சைப் பார்த்தார். அங்கே ராஜா மட்டும் இருந்தார். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கோச் பெஞ்சுக்கு அடியிலும் பார்த்ததாக இஸ்மாயில் இன்றும் சொல்கிறான்.

ராஜா நேராக ஆ செங்கிடம் போனார்.

“அவனுக்குக் குடுக்க மாட்டேன்லா,” என்றான் ஆ செங். துறைமுகத்தில் வளர்ந்த சீனன், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவான்.

“அவனுக்கு யாரு குடுக்கச் சொன்னா? எனக்குக் குடு.”

ஆ செங் ராஜாவிடம் கொடுத்தான். ராஜா மணியத்திடம் கொடுத்தார். மணியம் உள்ளே போட்டான். இப்படியே தபால் போக்குவரத்து நடந்தது. எதிராளிகள் ஐவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். நானும் இஸ்மாயிலும் கன்டெய்னர் வெயிலில் ஓடிய கால்களோடு அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். புள்ளி வித்தியாசம் குறையக் குறைய, ராஜாதான் ஆபத்தான ஆள் என்று நினைத்து அவருக்கு இரண்டு பேரைக் காவல் போட்டார்கள்.

முடியச் சில நொடிகளே இருக்கும்போது ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஆ செங் பந்தோடு வந்து ராஜாவைத் தேடினான். ராஜா தரையில் குனிந்திருந்தார்.

“அண்ணே, பந்து.”

“ஷூ லேஸ் அவுந்துருச்சுடா. நீயே குடுத்துடு.”

ஆ செங் சுற்றிலும் பார்த்தான். போலீஸ்காரரிடம் லைசென்ஸை நீட்டுகிற முகத்தோடு மணியத்துக்குப் பந்தை வீசினான். மணியம் போட்டான். ஜெயித்தோம்.

சத்தம் அடங்கியபிறகு மணியம் தயங்கித் தயங்கி ஆ செங் பக்கம் வந்தான்.

“அடுத்த தடவ கொஞ்சம் மேல போடு,” என்றான்.

“அடுத்த தடவ நீ காசு குடுத்து வாங்கித் தின்னு,” என்றான் ஆ செங்.

இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.

ராஜா கால் கழுவும்போது அவருடைய ஷூவை எடுத்து ஓரமாக வைத்தேன். அது இழுத்து மாட்டிக்கொள்கிற ரப்பர் ஷூ. லேஸ் கோக்க ஓட்டைகூடக் கிடையாது. அதைக் காட்டிக் கேட்டேன். அப்படியா, வயசாச்சு, கண் சரியில்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு காலைக் கழுவினார்.

பிறகு சில வருடங்கள் குழு நன்றாகவே இருந்தது. ராஜா மறுபடி இறங்கச் சம்மதிக்கவில்லை. எனக்கும் பெரும்பாலும் பெஞ்சுதான். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எந்த நாளிலும், ஆடாமல் வீடு திரும்புகிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.