பலூன் கட்டிய சாடி

"இந்த வருஷக் கவாய்க்கு எங்க வாசல்ல ஊத்துற துவாக்கை நான்தான் போடப்போறேன்!"

கவாய் அறுவடைத் திருவிழா; துவாக், அன்று வாசலுக்கு வாசல் ஊற்றுகிற அரிசி மது. உங்காட் இதைத் தன் அறைக்குள்ளே சொல்லியிருந்தால் பாதகமில்லை. ஊரே ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் நீளவீடு அது. எல்லார் வாசலும் திறக்கிற பொதுக்கூடத்தில், வீட்டுத் தலைவர் பெலாயோங் முன்னாலேயே சொல்லித் தொலைத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மேலாற்றிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அவனைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டார். "லாமோ வீட்டுக்காரர்" என்றார்கள். "அடடே, துவாக் லாமோவா! அந்தம்மா கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா" என்று உருகிவிட்டுப் போய்விட்டார். பேரைக்கூடக் கேட்கவில்லை. மனுஷனுக்கு ரோஷம் வருமா வராதா?

லாமோ பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டு, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த "சரிங்க"வில் உங்காட்டுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சண்டைக்கு வந்திருந்தால் தைரியமாக இருந்திருப்பான்.

"நீ சாடியைத் தொடவே கூடாது."

"தொடமாட்டேன்."

"அரிசி வேகவைக்கக் கூடாது. ஈஸ்ட் உருண்டையைப் பொடிக்கக் கூடாது."

"மாட்டேன்னா மாட்டேன். ஆனா ஒண்ணு, துவாக் போடுறவங்களுக்குன்னு ஒரு கட்டு இருக்கு. தெரியுமில்ல?"

"என்ன கட்டு?"

"புளிப்பு வாயில படக்கூடாது. கோபம் வரக்கூடாது. நாம மூஞ்சியைச் சுளிச்சா சாடியும் சுளிச்சுக்கும், அப்புறம் எல்லாம் புளிச்ச தண்ணிதான். எங்கம்மா சாடி போட்டா, வடிக்கிற வரைக்கும் எங்கப்பாகிட்ட ஒரு சண்டை போட்டதில்ல."

"நீ வருஷா வருஷம் போட்டியே, என்கிட்ட சண்டை போடாமலா இருந்த?"

"சாடி போடுறதுக்கு முந்தின நாளே போட்டு முடிச்சிருவேன்ல!"

உங்காட் யோசித்துப் பார்த்தான். உண்மைதான்.

அவனுக்கு இதில் ஒரு அந்தரங்க பலம் இருந்தது. லாமோவின் தம்பி லங்கி, கபிட் பட்டணத்தில் ரொட்டிக் கடையில் மாவு பிசைபவன். ஈஸ்ட் அவனுக்குக் கூடப் பிறந்த மாதிரி.

"அத்தான், ஈஸ்ட்டும் நம்மள மாதிரி உயிருதான். சர்க்கரையைத் தின்னும், மூச்சு விடும். அந்த மூச்சுலதான் ரொட்டி உப்புது. நீங்க மூடி வச்சீங்கன்னா, தின்னதை மதுவாக்கும். ஆனா எல்லாச் சர்க்கரையையும் ஒரே மாதிரி தின்னாது. பாட்டில்ல போட்டு, வாயில பலூனை மாட்டிப் பாருங்க. எது நல்லாத் தின்னுதுன்னு பலூனே சொல்லும்" என்றான்.

மிளகுத் தோட்டத்துக் குடிசையில் உங்காட் பாட்டில்களை அடுக்கினான். ஒன்றில் வெள்ளைச் சீனி. ஒன்றில் நிப்பாப் பனை வெல்லம். ஒன்றில் குளுக்கோஸ். லங்கி எங்கிருந்தோ கொண்டுவந்த பால் சர்க்கரை ஒன்றில். எல்லாவற்றிலும் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட். பிரசவ அறை வாசலில் நிற்கிறவன் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

குளுக்கோஸ் பலூன்தான் முதலில் தலை தூக்கியது. சீனி பலூன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே வந்தது. சீனியை முதலில் உடைத்துத்தான் தின்ன வேண்டுமாம், லங்கி சொன்னான். பனை வெல்லமும் மோசமில்லை. பால் சர்க்கரை பலூன் மட்டும், மாமியார் வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற மாப்பிள்ளை போலத் தொங்கிக்கொண்டே கிடந்தது.

"குளுக்கோஸ்தான்டா!" என்று துள்ளினான் உங்காட். "ஒரு ஸ்பூனுக்கே இந்த வீச்சுன்னா, மூட்டையோட போட்டா?"

லங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெயித்தவன் காதில் எது ஏறும்?

வீட்டுக்கு வந்து பசையரிசியை வேகவைத்து ஆறப்போட்டு, ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துத் தூவி, கழுத்துச் சிறுத்த பெரிய கண்ணாடிச் சாடியில் போட்டான். சில நாளில் அரிசி தானே நீர்விட்டதும் குளுக்கோஸ் மொத்தத்தையும் பாகாகக் கரைத்து ஊற்றினான். கரண்டி நட்டால் நிற்கும் போலிருந்தது. சாடியின் வாயில் ஒரு சிவப்பு பலூனை மாட்டினான்.

சாயங்காலம் பார்த்தான். பலூன் தொங்கியது. வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி என்று நினைப்பதே தப்போ என்று அதற்கும் பயந்தான். கவாயன்று விருந்தாளிகள் ஒவ்வொரு வாசலாக நின்று குடித்துவிட்டு வருவார்கள். ஊற்ற ஒன்றுமில்லாத வாசலை நீளவீடு வருஷம் முழுக்கக் கிண்டலடிக்கும். அதுவும் தானே வாய் கொடுத்து மாட்டியவன் வாசல் என்றால் கேட்கவே வேண்டாம்.

விடிந்து எழுந்தால் பலூன் கும்மென்று நின்றது! உங்காட் சாடியைக் கட்டிக்கொண்டான்.

சாயங்காலம் மறுபடி தொங்கியது.

"என்ன லாமோ, இது இப்படிச் சுருங்குது?"

"காலையில எப்படி இருந்துச்சு?"

"கும்முன்னு இருந்துச்சு."

"அப்புறமென்ன? பகல் முழுக்க உழைச்சா நீங்களே சாயங்காலம் தொங்கிப்போறீங்க. கவலைப்படாதீங்க. கவலைப்பட்டா மூஞ்சி சுளிக்கும், மூஞ்சி சுளிச்சா..."

"இல்ல இல்ல! நான் சிரிக்கிறேன், பாரு."

சிரித்தான். அந்தச் சிரிப்போடேயே கூரைத் தகரத்தை மாற்றினான். பன்றிக் கொட்டிலைக் கழுவினான். மாமியார் வந்து தங்கி, அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கும் சிரித்தான். பக்கத்து அறை பான்யாங் அவன் எதிரிலேயே உப்பும் மிளகாயும் தொட்டுப் புளிமாங்காய் தின்றான். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏங்க, பான்யாங் சம்சாரத்துக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். அவங்க துவாக்குக்குக் கொஞ்சம் அரிசி வேகவச்சுக் கொடுங்களேன்."

"அவங்க வேலையும் என் தலையிலயா?" என்று சீறப் போனவன், சாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். வேகவைத்தான். ஈஸ்ட்டையும் பொடித்துப் போட்டான். லாமோ கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "சீனி அவ்வளவு வேண்டாம். இன்னொரு கை. போதும்" என்று சொல்லச் சொல்ல, பாகும் காய்ச்சி ஊற்றினான். சாடியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பான்யாங் பரணில் ஏற்றினான். முதுகு விட்டுப்போயிற்று. அப்போதும் சிரித்தான்.

கவாய் வந்தது. பித்தளை மணிகள் முழங்கின. விருந்தாளிகள் கோடி அறையிலிருந்து குடித்துக்கொண்டே வந்தார்கள். முன்வரிசையில் அதே மேலாற்றுக்காரர்.

உங்காட் உள்ளே ஓடிப் பலூனைக் கழற்றிவிட்டு ஒரு வாய் குடித்தான்.

பாயசம்! சுத்தமான, குழந்தைக்குக் கொடுக்கலாம் போன்ற, அரிசிப் பாயசம். போதையின் வாசனைகூட இல்லை.

"லாமோ! நான் செத்தேன்! ஏறவே இல்லடி! ரெண்டு வாசல் தள்ளி வந்துட்டாங்க!"

"ஏறாது. மூட்டைச் சர்க்கரையைத் தலையில கொட்டினா ஈஸ்ட் எப்படிங்க மூச்சு விடும்? அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. லங்கி அன்னிக்கே சொன்னானாமே?"

"இப்ப என்னடி பண்றது?"

"பான்யாங் பரண்ல ஒரு சாடி இருக்கு. அதை எடுத்துட்டு வாங்க."

"அது அவங்களோடது ஆச்சே!"

"அவங்களோடதை அவங்க ஊத்திக்கிட்டிருக்காங்க. இடுப்பு பிடிச்சவ அங்க ஆடிக்கிட்டிருக்கா, பாருங்க. போங்க சீக்கிரம்!"

எடுத்து வந்து வடிகட்டி ஊற்றவும் கூட்டம் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மேலாற்றுக்காரர் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு குவளை நீட்டினார்.

"லாமோ கைன்னா லாமோ கைதான்!"

"நான் சாடியைத் தொடவே இல்லைங்க," என்றாள் லாமோ. "அரிசி வேகவச்சதுலேர்ந்து ஊத்தினது வரைக்கும் இவரேதான். இவர் பேரு உங்காட்."

கூடமே கூவியது. தலைவர் பெலாயோங் அவன் முதுகில், அதுவும் அந்த விட்டுப்போன இடத்திலேயே, ஓங்கித் தட்டினார். "வரப்போற எங்க வீட்டுக் கல்யாணத்துலேர்ந்து, இனிமே நம்ம வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் உங்காட் துவாக்தான்!" உங்காட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் நகர்ந்ததும்தான் சிவப்பு பலூன் ஞாபகம் வந்தது.

"ஆமா... ஈஸ்ட் மூச்சே விடலைன்னா, தினம் காலையில பலூன் எப்படி உப்பிச்சு?"

லாமோ பலூனை எடுத்து வாயில் வைத்தாள். இரண்டே மூச்சு. கும்மென்று நின்றது.

தகரம், கொட்டில், மாமியார், மாங்காய் எல்லாம் ஒவ்வொன்றாக அவன் தலைக்கு ஏறின. முகம் சிவந்தது. "அடிப் பாவி!" என்று வாயைத் திறந்தான்.

"உஷ்! சிரிங்க," என்றாள் லாமோ. "தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்க பேர்ல ஒரு சாடியை இன்னிக்குக் காலையிலேயே போட்டாச்சு."