இன்னும் மூணடி இறங்கட்டும்

அணையில் தண்ணீர் குறையக் குறைய முகம் மலரும் மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவரோடு ஆறு கோடை பழகியவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

கொல்லிமலை அடிவாரத்தில், புளியஞ்சோலைக்குப் போகும் சாலையில் அவருக்குப் பஞ்சர் கடை. எதிரே இருந்த கால்நடை மருந்தகத்தில் எனக்கு வேலை. அவருக்குப் பூர்வீகம் மலைக்கு அந்தப் பக்கம் காரவள்ளி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் 'மூணடி'. கடைக்குப் பின்னால் தெரியும் அணையைப் பார்த்து, "இன்னும் மூணடி எறங்கட்டுங்க, அப்பறம் பாருங்க" என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. நெல்லும் மரவள்ளியும் போட்டவர்கள் மழைக்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இவரோ வானம் கறுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் டியூபைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். "உன் வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!" என்று திட்டாத விவசாயி கிடையாது.

எல்லாம் ஒரே ஒரு மீனுக்காக. அணையில் ஒரு கிழட்டு வாளை இருந்தது. வாளையைக் குழம்பில் துண்டாக மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆள் நீளம் வளரும், செதில் கிடையாது, தபால் பெட்டி மாதிரி வாய், வாய் கொள்ளாமல் பல். அணை நிறைந்திருக்கும்போது அது எந்த மூலையில் கிடக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் இறங்கினால்தான் பழைய ஆற்றுப் பள்ளத்துக்கு வந்து சேரும்.

சாதாரணத் தூண்டில் நரம்பை வாளை ஒரே கடியில் துண்டாக்கிவிடும். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்கு பிரேக் வயரைக் கட்டியிருந்தார். அந்த வயர் அவருடைய மொபெட்டிலிருந்து வந்தது. "அப்ப வண்டி எப்படி நிக்கும்?" என்றேன். "காலு எதுக்குங்க இருக்குது?" என்றார். கால் நிறுத்தாத நாட்களில் எங்கள் மருந்தகத்துச் சுவர் நிறுத்தியது.

இடது காதில் ஒற்றைத் தங்கக் கடுக்கன் போட்டிருந்தார். சின்ன வயதில் அவருடைய அப்புச்சி, அம்மாவின் அப்பா, போட்டுவிட்டது. உயிரைக் கேட்டாலும் தருவார், அதைக் கழற்ற மாட்டார். ஒருமுறை ஓயாத தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனார். "நகையெல்லாம் கழட்டுங்க" என்று நர்ஸ் சொன்னதும், "தலவலி போயிருச்சுங்க" என்று எழுந்து பஸ் ஏறிவிட்டார்.

கோடைக் காலைகளில் நானும் அவரோடு போவேன். தண்ணீர் இறங்க இறங்க, முழுகிப்போன பழைய ரோடு மெல்ல வெளியே வரும். எழுத்தெல்லாம் அழிந்த ஒரு மைல்கல் வரும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ரோடு பேசாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடும். மலையின் நிழல் நீர்மேல் படுத்திருந்து, வெயில் ஏற ஏறத் தன்னைச் சுருட்டிக்கொள்ளும். காய்ந்த சேற்று வாசனையில் கண் தானாகச் சொக்கும். நான் தூங்கினேனா, அந்த ரோட்டிலேயே உள்ளே நடந்து போனேனா என்று சில நாள் எனக்கே விளங்கியதில்லை. அவர் குரல்தான் எழுப்பும்.

"ஏனுங்க, மீனுக்குக் காது கேக்குமுங்களா?"

"நான் மாட்டுக்குத்தாங்க வைத்தியம் பாக்கறேன்."

"மாட்டுக்குக் கேக்குதில்லீங்க? அப்ப மெதுவாப் பேசுங்க. அவரு தூங்கறாரு."

'அவரு' என்றால் வாளை. ஒருநாளும் 'அது' என்று சொல்லிக் கேட்டதில்லை. ஒருமுறை அவரு கடித்தார். மூணடியைக் கழுத்தளவுத் தண்ணீர் வரை இழுத்துக்கொண்டு போய், முள்ளை ஊசியாக நிமிர்த்திவிட்டுப் போனார். ஒரு செருப்பைப் பறிகொடுத்துக் கரையேறியவர், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை போல மூன்று நாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

போன கோடையில் மழை சுத்தமாக ஏமாற்றியது. அவர் கேட்ட மூன்றடி இறங்கியது. அதற்கு மேலும் ஆறடி இறங்கியது. கடைசியில் நெல் அடிக்கும் களம் அளவுக்கு ஒரே ஒரு பள்ளம் மிஞ்சியது. மீன் குத்தகைக்காரர் ஞாயிற்றுக்கிழமை அதில் வலை இழுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். மூணடி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வலைக்கு முந்தி நீங்களே புடிச்சுருங்க" என்றேன்.

"புடிச்சு? கொழம்பு ஒரு நாளைக்குங்க. அப்பறம் நான் எங்கீங்க போவேன்?"



சனிக்கிழமை காலை மருந்தகத்துக்கு வந்தார். மாட்டுக்கு மூக்குக் குத்தும் ஊசியில் சின்னதாக ஒன்று வேண்டுமாம்.

"உங்க ஊட்டுல மாடே இல்லியேங்க?"

"பக்கத்து ஊட்டுக் கன்னுக்குட்டிக்குங்க." ஊசி முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். "குத்தறப்ப வலிக்குமுங்களா?"

"ஒரு நிமிசம் வலிக்கும். அப்பறம் மறந்துரும்" என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான்.

ஞாயிறு காலை ஆறு பேர் வலையை இழுத்தார்கள். கட்லாவும் ரோகுவும் துள்ளின. நடுவே சேற்றைக் கிளப்பிக்கொண்டு அவரு வந்தார். நாலு பேர் சேர்ந்து கரையில் போட்டார்கள். குத்தகைக்காரர் தராசைக் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் வலை இழுத்தவர்களில் ஒருவர், மலைமேல் அரியூர் நாட்டுக்காரர், அலறினார்.

"அண்ணா, கைய எடுங்க! மூக்குல பாருங்க!"

மேலுதட்டு ஓரத்தில் தங்கம் மின்னியது.

மலைமேல் சிவன் கோயில் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிப் பதினெட்டுக்கு மீனைப் பிடித்து, மூக்கில் வளையம் குத்தி, திரும்ப ஆற்றிலேயே விடுவார்கள். அது சாமி மீன். அதைத் தின்ன யாருக்கும் துணிச்சல் வராது. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் அருவியாக விழுந்து அடிவாரத்துக்கு வருகிறது.

குத்தகைக்காரர் சேற்றிலேயே செருப்பைக் கழற்றினார். யாரோ ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கி வந்தார்கள். "தெரியாமப் பண்ணிட்டோம் சாமி" என்று ஆளுக்கொரு பக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவரைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் விட்டார்கள். வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார்கள். மீன் தன்னைப் பார்த்துத் தலையாட்டியதாக ஒருவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கூட்டத்திலேயே பக்தியாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றவர் மூணடி. அவருடைய இடது காது காலியாக இருந்தது.

"ஆறு வருசமாக் கைக்கு வராதவரு, நேத்து சாயந்தரம் மொத வீச்சுலயே வந்தாருங்க" என்றார் என் காதோடு. "மடியில போட்டுத்தான் குத்துனேன். அசையவே இல்லீங்க." குத்தகைக்காரருக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆடியில் மழை கொட்டியது. மைல்கல் முழுகியது, ரோடு முழுகியது, அணை நிறைந்தது. ஊசியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு மூணடி மருந்தகத்துக்கு வந்தார். நிறைந்து கிடந்த தண்ணீரைப் பார்த்து, "இன்னும் மூணடி எறங்கட்டுங்க" என்றார் வழக்கம்போல. போக எழுந்தவர் வாசலில் நின்று, காலியான காதைத் தடவிக்கொண்டார்.

"ஏனுங்க, நெசமாவே மறந்துருமுங்களா?"

"மறந்துருமுங்க" என்றேன்.

எத்தனையோ மாடுகளுக்கு மூக்குக் குத்தியிருக்கிறேன், எத்தனையோ பேருக்கு அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையாக இருக்கவேண்டுமே என்று அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன்.