பல் டாக்டரின் எழுபது வயது முகம்

பஸ் நிறுத்தத்தில், ஆள் உயர விளம்பரத்தில், பெரியவர் ஒருவர் பொக்கைவாய் விரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘பல் செட் வேண்டுமா? எங்களிடம் வாருங்கள்!’

பல் டாக்டர் ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டார். அந்தப் பெரியவர் அவரேதான்.

டாக்டருக்கு வயது முப்பத்தெட்டு. முப்பத்திரண்டு பல்லும் சொந்தம். ஆனால் நாலு வருடத்துக்கு முன், எழுபது வயதில் எப்படி இருப்போம் என்று காட்டும் ஆப் ஒன்றில் விளையாட்டாகத் தன் படத்தை ஏற்றியிருந்தார். அது காட்டிய கிழவருக்கும் இதே தாடை, மூக்கோரத்தில் இதே மரு. ஊராரை ‘ஆ’ காட்டச் சொல்கிறவர் நடுத்தெருவில் தானே வாய் பிளந்து நின்றார். மனிதருக்குப் புல்லரித்துவிட்டது.

விளம்பரத்தை மொபைலில் படம் பிடித்து வந்து மனைவியிடம் காட்டினார். “ஆப்ல ஏத்தினா என் மூஞ்சி அவனுக்கே சொந்தமாயிடுமா?”

“படிக்காம ‘சம்மதம்’னு அமுக்கினது யாரு?” மனைவி உற்றுப் பார்த்தாள். “அச்சு அசல் நீங்கதாங்க. வயசானாலும் களையாத்தான் இருப்பீங்க போல.”

விளம்பரமோ எதிர்த்தெரு கிளினிக்குடையது. பல் டாக்டருக்கே பல் இல்லை என்று பேச்சு கிளம்பினால் பிழைப்பு போச்சு. அந்த விளம்பரப் படத்தையே பெரிதாக அச்சடித்துத் தன் கிளினிக் வாசலில் ஒட்டினார். கீழே எழுதினார்: ‘இது நான்தான். ஆனால் எனக்குப் பல் இருக்கிறது.’

அதுவரை அந்த முக ஒற்றுமையை யாருமே கவனித்திருக்கவில்லை. அன்று மாலை வந்த அம்மா நாற்காலியில் சாய மறுத்துவிட்டார். “முதல்ல நீங்க வாயைத் திறங்க டாக்டர்.”

திறந்தார். அந்த அம்மா விரலால் தட்டிப் பார்த்தார். “அசல் மாதிரியே இருக்கே! எதிர்த்தெருவுல கட்டினதா?” என்று சொல்லிவிட்டு நேரே அங்கேயே போனார்.

டாக்டர் விடவில்லை. வாசல் படத்துக்குப் பக்கத்தில் நின்று கேரட்டைக் கடித்து வீடியோ போட்டார். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். தான் போகாத ஊருக்கெல்லாம் தன் முகம் போவதில் அவருக்கே பிரமிப்பு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: ‘இந்தப் பல் செட் எங்கே கிடைக்கும்?’ ஒரே வாரத்தில் கிளினிக் வெறிச்சோடியது.

கடைசியில், இணையத்தில் கொடுத்த விவரங்களுக்குப் பாதுகாப்பு தரும் அலுவலகத்துக்கு ஓடினார்.

“அனுமதி இல்லாம ஒருத்தர் படத்தைப் போடறது பெரிய தப்பு சார். கிளினிக்கையே மூடச் சொல்லலாம்” என்றார் அதிகாரி அம்மா.

“மூடணும் மேடம்! அடுத்தவன் மூஞ்சியைத் தன் வாசல்ல மாட்டறவனை சும்மா விடலாமா?”

மேடம் மளமளவென்று எழுதிக்கொண்டார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் நுழைந்தார். அதே தாடை, அதே மரு, அதே பொக்கைவாய். டாக்டர் தன்னை அறியாமல் எழுந்து கைகூப்பினார். எழுபது வயதுத் தன்னையே நேரில் பார்க்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? கண் கலங்கிவிட்டது.

பெரியவர் அவரைக் கவனிக்காமல் மேடத்திடம் சொன்னார்: “பஸ் ஸ்டாப் விளம்பரத்துக்கு நான் சம்மதிச்சுத்தாம்மா நின்னேன். ஆனா எவனோ ஒரு பல் டாக்டர், என்னைக் கேக்காம என் படத்தைத் தன் வாசல்ல ஒட்டி, ‘இது நான்தான்’னு வேற எழுதி வச்சிருக்கான்.”