நல்ல குடும்பத்து எலிகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் சுகம். உன் சுகத்தைக் கடிதத்தின் கடைசியில் விசாரிக்கிறேன். இப்போது விசாரித்தால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எலி அனுப்புகிற பண்ணையில் ஏதோ நோய் வந்து இரண்டு மாதமாக வரத்து நின்றுவிட்டது என்று உன்னிடம் வாய் தவறிச் சொன்னேன். விலங்குப் பிரிவுக்குப் பொறுப்பாளன், புலம்பினேன், அவ்வளவுதான், எலி கேட்கவில்லை. நீ மறுநாளே உன் செல்லப்பிராணிக் கடையிலிருந்து பன்னிரண்டு வெள்ளை எலிகளை அனுப்பிவிட்டு, "அத்தான், இது என் அன்பளிப்பு"ன்னு போன் பண்ணினாய். கூண்டில் இடம் இருந்தது, எனக்குப் புத்தி இருக்கவில்லை, இறக்கிவிட்டேன். எங்கே பிறந்தது, யார் வளர்த்தது என்று தெரியாத விலங்கு உள்ளே வரவே கூடாது என்பது விதி. யார் வீட்டுச் செல்லமோ சோதனைக்கு வந்து சேர்ந்து, எங்கோ ஒரு குழந்தை காலிக் கூண்டைப் பார்த்து அழக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி, நியாயமான விதி. அதனால்தான் "இதுங்க வம்சாவளி விவரம் எழுதி அனுப்புடா"ன்னு கேட்டேன். எந்தப் பண்ணை, எந்தத் தேதி, தாய் எலி எது, தகப்பன் எலி எது, இதுதானே அர்த்தம்? நீ கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற மாதிரி எழுதி அனுப்பினாய். அதைப் படித்துப் பார்க்காமல் கோப்பில் வைத்துத் தொலைத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கிற நெறிமுறைக் குழு எலிக் கூண்டுகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. விவரம் சரியில்லையென்றால் பிரிவுக்கே பூட்டு, என் வேலையும் போச்சு. குழுத் தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "பன்னிரண்டும் நல்ல குடும்பம். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. தாயார் சாந்த சுபாவம். தகப்பனார் சமீபத்தில் தவறிவிட்டார்." குழுவில் இருந்த கால்நடை மருத்துவர் சிரிப்பை அடக்கப் போய் லேசாக விசிலடித்தார். உடனே பன்னிரண்டும் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்காலை நீட்டின!

"யாரோ தின்ன குடுத்துப் பழக்கியிருக்காங்க. வீட்ல வளர்ந்ததுங்க," என்றார் தலைவி. "இதுங்களுக்கு ஊசி போட யாருக்குங்க மனசு வரும்?"

அதற்கப்புறம்தானே போனில் உண்மையைக் கக்கினாய்! "வீடு மாத்திப் போனவங்க கடையில விட்டுட்டுப் போனாங்க அத்தான். நல்ல இடமாப் பாத்துச் சேர்க்கச் சொன்னாங்க." ஊசியும் கத்தரிக்கோலும் இருக்கிற இடம்தான் உனக்கு நல்ல இடமாடா?

எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். பத்து நாளுக்குள் பன்னிரண்டும் வெளியேறி, போய்ச் சேர்ந்த இடத்தை நான் எழுதித் தர வேண்டும், தவறினால் பூட்டுதான். அதுவரை அவை என் வீட்டுக் குளியலறையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து அள்ளிக்கொண்டு போ. இனிமேல் அன்பளிப்பு என்று ஒரு எறும்புகூட உன்னிடமிருந்து என் வாசலுக்கு வரக் கூடாது.

நீண்ட ஆயுளோடும் கொஞ்சம் அறிவோடும் இரு. சுகமா?

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். உன் அக்கா பன்னிரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டாள். நான் குளிக்கும்போது விசிலடித்தால் எல்லாம் வரிசையாக எழுந்து நிற்கின்றன. நேற்று அதில் ஒன்று என் சட்டை அலமாரியில் ஒன்பது குட்டி போட்டிருக்கிறது. குழு கொடுத்த படிவத்தில் 'போய்ச் சேர்ந்த இடம்' என்ற கட்டத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதினேன். அந்த இடத்தைப் பற்றி விவரம் கேட்டிருந்தார்கள். 'நல்ல குடும்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.